தலைக்கு ஊற்றுதல்: ஒரு சொல்லின் வரலாறும் சில அறிகுறிகளும்

‘தலைக்கு ஊற்றுதல்’ என்னும் தொடரைப் போல் பரிவு தோய்ந்த தொடர்கள் தமிழில் குறைவு. வீட்டுக் கிழவி முற்றத்தில் கால் நீட்டி அமர்ந்து, பேரக்குழந்தையைக் கால்மேல் கிடத்தித் தலைக்கு ஊற்றுகிறாள். அம்மை இறங்கியவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரை மூன்று முறை தலைக்கு ஊற்றுகிறார்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு அத்தைமார் கூடி ஊற்றுகிறார்கள். ஓர் உடல் ஒரு நிலையைக் கடந்து இன்னொரு நிலைக்கு வந்துவிட்டது என்பதை உறவும் ஊரும் ஒப்புக்கொள்ளும் சடங்கு அது.

விருதுநகர் மாவட்டத்திலும் அதனை ஒட்டிய தென்மாவட்டப் பகுதிகளிலும் இத்தொடர்க்கு மற்றொரு பொருளும் வழங்கி வந்திருக்கிறது. படுக்கையில் விழுந்து எழ இயலாமற்போன முதியவரை அவருடைய குடும்பத்தாரே கொன்றுவிடுதல் என்பது அப்பொருள். பேச்சு வழக்கில் ‘தலைக்கூத்தல்’. குழந்தைக்கும் கன்னிக்கும் நோயாளிக்கும் உரிய சொல்லே இக்கொலைக்கும் பெயராயிற்று. வேறொரு பெயர் இருந்திருந்தால் கேட்பவர் திடுக்கிட்டிருப்பர். இப்பெயரோ யாரையும் திடுக்கிட வைக்காது. இக்கட்டுரையில் நாம் முதியோர் வதையின் அறிகுறிகளைப் பற்றிப் பேச முற்படுகிறோம். அவற்றுள் முதலாவது அறிகுறி இச்சொல்லிலேயே இருப்பதாக நமக்குத் தோன்றுவதால், சொல்லிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் மனத்தில் கொண்டிருக்கும் நிலப்பகுதி, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தென்கிழக்கே கரிசல் பரப்பில் அமைந்த ஆலங்குளம் வட்டாரம். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான பேருந்தில் ஏறியவர்கள் பலர்.) இவ்வூரில் இன்னது நடந்தது என்று குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று, முதுமை எத்தனை விதமாக இருக்கக்கூடும் என்பதை ஒரே பார்வையில் காட்டும் வட்டாரம் இது என்பதே காரணம். இங்கே சுண்ணாம்புக்கல் உண்டு. அதனை நம்பி 1970-இல் அரசின் சிமெண்ட் ஆலை வந்தது. ஆலை வேலையில் ஓய்வு பெற்றவருக்கு வருங்கால வைப்பு நிதியும் சிறிதளவு ஓய்வூதியமும் உண்டு. வானம் பார்த்த புன்செய் வைத்திருப்பவருக்கு மழை உண்டோ இல்லையோ, பட்டா உண்டு. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பருத்திக்காட்டுக்கும் கூலிக்குப் போய் முதுகு வளைந்தவருக்கு இரண்டும் இல்லை. மாதப்பணம் உள்ள முதுமை, நிலம் உள்ள முதுமை, ஏதுமற்ற முதுமை என்னும் இம்மூன்றும் ஒரே தெருவில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். வதை மூன்றையும் தேடி வரும். வரும் வழிதான் வேறு.

*

இவ்வழக்கம் எவ்வளவு பழமையானது? கல்வெட்டிலோ ஏட்டிலோ சான்று காட்டிப் பேசக்கூடிய செய்தியன்று இது. ஆனால் மக்கள் நினைவில் இதற்கு ஓர் உறவுக் கதை உண்டு.

தென்தமிழகத்தில் மண்ணைத் தோண்டுமிடமெல்லாம் பெரிய பெரிய தாழிகள் அகப்படுகின்றன. முதுமக்கள் தாழி என்று நாம் எழுதுகிறோம். ஊர்ப் பேச்சில் அது ‘மதமதக்கத் தாழி’ என்றெல்லாம் திரிந்து வழங்கும். இவை எதற்காக என்று கேட்டால் இன்றும் கிராமத்து முதியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். முன்னொரு காலத்தில் மனிதருக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏற உடல் சுருங்கிக்கொண்டே போகுமாம். கடைசியில் கைக்குழந்தை அளவாகி, மிதிபட்டுவிடக் கூடாதென்று விளக்கு வைக்கும் மாடக்குழியில் அவர்களைத் தூக்கி வைத்துவிடுவார்களாம். அப்புறம் ஒருநாள் தாழிக்குள் இறக்கி, உணவும் நீரும் வைத்து மூடிவிடுவார்களாம்.

1881-இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் இக்கதையைப் பதிவு செய்திருக்கிறார். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் தாலுகாக்கள் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தன. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதுதான் அவை பிரிந்து சென்றன. 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியாயின. ஆகவே கால்டுவெல் எழுதியது இக்கரிசல் பகுதிக்கும் அயலான செய்தியன்று. அவர் கேட்டெழுதிய வடிவத்தில் நம்மை நிறுத்திவைக்கும் இடம் ஒன்று உண்டு. சுருங்கிப்போன மூதாதையரைப் பார்த்துக்கொள்ளும் தொல்லையை இளையவர்களால் இனித் தாங்க இயலாது என்றானபோதுதான் அவர்களைத் தாழிக்குள் வைத்தார்கள் என்கிறது கதை. பஞ்சமென்றோ தெய்வக் கட்டளையென்றோ கதை சாக்குச் சொல்லவில்லை. தொல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

தொல்லியல் இக்கதையை ஆதரிக்கவில்லை. ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் தோண்டியதும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியதும், 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியதும் இறந்தவர்களுக்கான ஈமத் தாழிகளையே காட்டின. முழு உடலை வைத்தவையும் உண்டு. பின்னர் எலும்புகளைத் திரட்டி வைத்தவையும் உண்டு. வயது முதிராதவர்களின் எலும்புகளும் அங்கே கிடைக்கின்றன. புறநானூற்றில் கிள்ளிவளவன் இறந்தபோது அவனுக்கேற்ற தாழியை எவ்வாறு வனையப்போகிறாய் என்று ஐயூர் முடவனார் குயவனைக் கேட்கிறார். கணவனை இழந்த பெண்ணொருத்தி தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகிறாள். தாழி இறந்தவர்க்கு உரியது என்பதில் சங்கப் புலவர்க்கு ஐயமில்லை. அப்படியானால் உயிருள்ள கிழவரைத் தாழிக்குள் இறக்கும் கதை எங்கிருந்து வந்தது? தாழியின் வரலாற்றை அக்கதையில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கதையைச் சொல்லி வந்தவர்களின் வீட்டை அதில் தேடினால் நிறையக் கிடைக்கும் என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் சிலர் வடக்கிருத்தலை நினைவூட்டுவர். சமணரின் சல்லேகனையையும் சேர்த்துக்கொண்டு, இது தமிழ் மண்ணின் தொன்மையான சாவு மரபு என்று தலைக்கூத்தலுக்கும் ஒரு பாரம்பரியப் பெருமை தேடித் தருவர். இதனை நாம் ஏற்கவில்லை. வடக்கிருப்பவர் தாமே முடிவெடுத்து, ஊரறிய அமர்கிறார். தலைக்கு ஊற்றப்படுபவருக்காகப் பிறர் முடிவெடுக்கிறார்கள். அவருக்கு அது சொல்லப்படுவதுகூட இல்லை. ஆனால் வடக்கிருந்தோருள் மிகப் புகழ்பெற்ற கோப்பெருஞ்சோழன் கதையை முதியோர் வதையின் கோணத்திலிருந்து படித்தவர் குறைவு. உறையூர் ஆண்ட அவனோடு பூசலிட்டவர்கள் அவன் மக்களே. ஆட்சிக்காகத் தந்தைமீது எழுந்தார்கள். தந்தையும் படையெடுத்தான். நீ வென்றால் இந்நாட்டை யாருக்கு விட்டுச்செல்வாய், தோற்றால் பகைவர்க்கல்லவா மகிழ்ச்சி என்று புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். அவன் போரை விட்டான். பின்னர் வடக்கிருந்து உயிர் நீத்தான். நட்பின் காவியமாகவே நாம் போற்றிவரும் நிகழ்ச்சியின் அடியில், சொத்துக்காகத் தந்தையை நெருக்கிய மக்கள் நிற்கிறார்கள்.

அவனைத் தேடி வந்த பிசிராந்தையார், இத்தனை வயதாகியும் உமக்கு நரையில்லையே என்று கேட்டவர்களுக்குச் சொன்ன விடை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. மனைவி மக்கள் நல்லவர், ஏவலர் மனமறிந்து நடப்பவர், அரசன் முறையாகக் காப்பவன், ஊரில் சான்றோர் பலர். முதுமையின் நலம் வீட்டோடு முடிவதில்லை, அரசு வரை, ஊர் வரை நீள்கிறது என்று கணக்கெழுதிய முதல் தமிழர் அவர் எனலாம். கோப்பெருஞ்சோழனுக்கு இல்லாதது எது என்பதும் அப்பட்டியலில் முதல் வரிசையிலேயே இருக்கிறது.

முதியோரைக் கைவிடும் கதை நமக்கு மட்டும் உரியதுமன்று. கிழத்தாயை மகன் முதுகில் சுமந்து மலையில் விட்டு வருவதாக ஜப்பானியர் கதை ஒன்று உண்டு. புகசாவா 1956-இல் அதனை நாவலாக்கினார். இமாமுராவின் திரைப்படம் 1983-இல் கான் விழாவில் முதற்பரிசு பெற்றது. அங்கும் அது பெரும்பாலும் வாய்மொழிக் கதையாகவே எஞ்சியிருக்கிறது. நம் நிலை வேறு. நம்மிடம் கதையும் உண்டு, அண்மைக்காலச் செய்தியும் உண்டு.

*

செய்தி வெளியே வந்தது 2010-இல். விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயது முதியவர் ஒருவர், தம் குடும்பத்தார் தமக்குச் செய்யவிருப்பதையும், அதன்பின் நிலத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதையும் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார். வீட்டை விட்டுத் தப்பி உறவினர் ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு நவம்பரில் ‘தெஹல்கா’ இதழ் இவ்வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியது. அதன்பின் நாடு முழுவதும் பேசினார்கள். கேள்விப்பட்டதில்லை என்று சென்னையில் வியந்தார்கள். கரிசலில் கேள்விப்படாதவர் யார் என்று நாம் வியந்தோம்.

நடைமுறை பற்றி வெளியான செய்திகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, அடுத்தடுத்து இளநீர் புகட்டுவது, பால் ஊற்றுவது. நலிந்த உடல் தாங்காது. ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டு முடிந்துவிடும். பிற்காலத்தில் ஊசி போடும் போலி மருத்துவர்களும் இதில் நுழைந்தார்கள் என்று அச்செய்திகள் கூறின. நல்லெண்ணெய், இளநீர், பால் என்னும் இம்மூன்றும் தமிழன் தன் நோயாளிக்கு வாஞ்சையோடு கொண்டுபோய்க் கொடுப்பவை. அவற்றிலே நஞ்சு இல்லை, இரத்தம் இல்லை. உடலில் காயம் இல்லை. உறவினர்க்கு முன்னரே சொல்லியனுப்பி, அவர்கள் வந்து முகம் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு. கொலையின் இலக்கணத்தில் ஒளிவு இன்றியமையாதது என்று நாம் எண்ணியிருக்கிறோம். இங்கே ஊரே அறிந்திருப்பதுதான் பாதுகாப்பு. எல்லார்க்கும் தெரிந்த ஒன்றை யார் போய் யாரிடம் புகார் சொல்வது?

இதே தென்தமிழகத்தில் இதற்கு முன்னும் ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. 1986-இல் ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பகுதிப் பெண் சிசுக்கொலை பற்றி எழுதியபோது, அங்கும் ஊரறிந்த செய்திதான் நாடறிந்ததாயிற்று. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1994-இல் பாரதிராஜா ‘கருத்தம்மா’ எடுத்தார். அங்கும் பால்தான் கருவி; அங்கும் கொல்லும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் சுமத்தப்பட்டது; அங்கும் பிள்ளைமேல் இரக்கப்பட்டே செய்ததாகச் சொன்னார்கள். உழைக்கத் தொடங்காத வாயும் உழைத்து ஓய்ந்த வாயும் ஒரே கணக்கேட்டில் செலவுப் பத்தியில் எழுதப்பட்டன. சிசுவுக்காவது அரசு ஒரு தொட்டில் வைத்தது. கிழவிக்குத் தொட்டில் இல்லை.

திரைத்துறை இதனைத் தாமதமாகத் தொட்டது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ 66ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வானது. மதுமிதாவின் ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ 2019-இல் வந்தது. கோமாவிலிருந்து விழித்த முதியவர் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுவிட்டு ஓடிப்போவதில் தொடங்கும் அக்கதை, 2010-இல் தப்பிய முதியவரை நினைவூட்டாமல் விடாது. முன்னது கனமானது, பின்னது இனிமையானது. இனிமையானதையே மக்கள் அதிகம் விரும்பினார்கள் என்பதில் நமக்குக் குறையில்லை. முதியவரைப் பிணமாக அல்லாமல் பிரியாணிக்கு ஆசைப்படும் மனிதராகக் காட்டியதே அதன் பெருமை.

*

வறுமையே காரணம் என்று சொல்லி முடித்துவிடலாகாது. வறுமை பெரிய காரணம்தான். கணவன் மனைவி இருவரும் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நின்றால் ஒரு கூலி போய்விடும். மலமூத்திரம் எடுக்கவும், புண் துடைக்கவும், இரவில் எழவும் யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. உதவிக்கு வந்ததும் இல்லை. 1962-இல் நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2011-இல் 1,000 ஆகி, 2023-இல் 1,200 ஆயிற்று. ஒரு மாத மருந்துக்கும் அரையாடைக்கும் போதாது. இத்தனையையும் ஒப்புக்கொண்டபின், அந்த எண்பது வயது முதியவருக்கு நிலம் இருந்தது என்பதை மறக்கலாகாது. ஏதுமற்றவரை விரைவாக அனுப்பத் தூண்டுவது வறுமை. நிலமுள்ளவரை விரைவாக அனுப்பத் தூண்டுவது பத்திரம். மாதப்பணம் வருபவரைச் சாக விடமாட்டார்கள். பணத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டமாட்டார்கள்.

தலைக்கு ஊற்றும் நாள் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன் மாதக்கணக்கில், சில வீடுகளில் ஆண்டுக்கணக்கில், ஒரு நீண்ட சரிவு உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கடைசி நாள் வருவதே இல்லை. சரிவு மட்டும் சாவு வரைக்கும் நீடிக்கிறது. முதியோர் வதை என்று உலகம் சொல்வது இச்சரிவைத்தான். மேலைநாட்டு மருத்துவ இதழ்கள் வயதான பெண்கள் வீட்டில் அடிபடுவதைப் பற்றி எழுதத் தொடங்கியதே 1975-இல்தான். ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 15-ஐ இதற்கான நாளாக ஏற்றது 2011-இல். அறுபது வயது கடந்தோரில் ஆறில் ஒருவர் ஓராண்டில் ஏதேனுமொரு வகை வதைக்கு ஆளாகிறார் என்று 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனம் தெரிவித்தது. அடி என்பது அதில் சிறு பகுதி. பணப்பறிப்பு, சொல்லால் குத்துதல், கவனியாது விடுதல் ஆகியவையே பெரும்பகுதி. நம் வட்டாரத்தில் இவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பதற்குப் பாடநூல் தேவையில்லை; திண்ணையைப் பார்த்தால் போதும்.

கட்டில் இடம் மாறுவதைக் கவனிக்கலாம். நடுவீட்டிலிருந்து திண்ணைக்கு, திண்ணையிலிருந்து மாட்டுத்தொழுவத்துக்கோ விறகுக் கொட்டகைக்கோ போகும். காற்று நன்றாக வருமென்று சொல்வார்கள். தட்டு தனியாகிறது, பிறகு அத்தட்டை அவரே கழுவிக்கொள்ள வேண்டியதாகிறது. பெற்றோர் இருவரையும் பிரித்து, அப்பா மூத்தவன் வீட்டில், அம்மா இளையவன் வீட்டில் என்று ஏற்பாடாகிறது. அறுபதாண்டு கூடி வாழ்ந்தவர்கள் நல்லது கெட்டதில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். அல்லது மாதம் ஒரு வீடு என்று முறை வைக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிச் சாப்பாடு யார் கணக்கு என்று சண்டை வரும் வீட்டில், முப்பத்தொன்றாம் தேதி அவர் சாப்பிட்டாரா என்று யாரேனும் கேட்க வேண்டும்.

உடலைப் பார்க்கத் தெரிய வேண்டும். மேற்கையைப் பிடித்து இழுத்தால் விரல் பதிந்த கன்றல் உட்புறமாக விழும். கட்டிலில் கட்டி வைத்தால் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தழும்பு சுற்றிவரும். வெளியே தெரியாதவை இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் வரும் படுக்கைப் புண்கள். துர்நாற்றம்தான் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் உடம்பு பாதியாகிவிட்டால் நோயா பட்டினியா என்று விசாரிக்க வேண்டும். கழுவித் துடைத்த வீட்டில் அவர் மட்டும் அழுக்கு வேட்டியோடு கிடப்பது ஒரு குறி. உடைந்த மூக்குக்கண்ணாடி மாதங்களாக உடைந்தே இருப்பதும் குறிதான். கண்ணாடி இல்லாதவரால் பத்திரம் படிக்க முடியாது.

பணம் பற்றிய குறிகள் ஓசையில்லாதவை. உதவித்தொகைக்கான வங்கிப் புத்தகமும் அட்டையும் யார் கையில் என்பது முதற்கேள்வி. பேரனுக்கு ஒரு மிட்டாய் வாங்கக்கூடக் கையில் காசில்லாதவர் பெயரில் மாதாமாதம் பணம் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பல காலம் எட்டிப்பாராத மகன் வாடகைக் காரோடு வந்து, மருத்துவமனைக்கு என்று அழைத்துப்போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இறக்கிய கதைகளை நம் வாசகர்கள் தத்தம் ஊரிலேயே கேட்டிருப்பார்கள். அவ்வாறு எழுதப்படுவது பெரும்பாலும் உயிலாக இராது. தான செட்டில்மெண்டாக இருக்கும். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் குறைவு என்று காரணம் சொல்வார்கள், அது உண்மைதான். உண்மைக் காரணம் வேறு. உயிலை எழுதியவர் இறக்கும்வரை மாற்றலாம், கிழிக்கலாம். செட்டில்மெண்டு எழுதிக்கொடுத்த நாளிலேயே கைமாறிவிடும். தாமாக அதனைத் திரும்பப் பெறுவது அரிது. எழுதும் வரை பால்சோறும் எழுதியபின் பழையதும் என்று மாறிய வீடுகளில், பத்திரத் தேதியையும் கட்டில் இடம் மாறிய தேதியையும் ஒப்பிட்டால் போதும்.

பேச்சில் வெளிப்படும் குறிகளே நமக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றன. ‘‘எப்படி இருக்கீங்க தாத்தா?’’ என்று நாம் கேட்டால் விடை மகனிடமிருந்தோ மருமகளிடமிருந்தோ வருகிறது. ‘‘அவருக்கு இப்ப புத்தி நெலையில்ல, என்னத்தையாவது சொல்வாரு’’ என்று முன்கூட்டியே சாட்சியைச் செல்லாததாக்கிவிடுகிறார்கள். அவரோ விடை சொல்லுமுன் வாசற்பக்கம் பார்க்கிறார். வருவோர் போவோர் குறைகிறார்கள். இப்போதுதான் தூங்கினார் என்று திருப்பியனுப்பப்படுகிறார்கள். பிறகு வினைச்சொற்கள் மாறத் தொடங்கும். ‘படுத்திருக்காரு’ என்றது ‘கெடக்காரு’ ஆகும். அதுவே ‘இழுத்துக்கிட்டுக் கெடக்கு’ என்று அஃறிணைக்கு இறங்கும். உயர்திணை அஃறிணையாகும் அந்த இடத்தை இலக்கணம் அறிந்தவர்களாகிய நாமாவது கவனிக்க வேண்டாமா?

அதற்கு அடுத்த படியில் ஆசை என்னும் பேச்சு வரும். உயிர் போகாமல் தவிப்பவருக்கு மண்ணாசையோ பொன்னாசையோ இருக்கிறது என்று நம்பி, அவருடைய நிலத்து மண்ணைக் கரைத்தும் காசை உரசியும் நீர் புகட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சாகும் தறுவாயில் செய்யப்படும் சடங்கு என்ற அளவில் அதில் ஒரு கவித்துவம் காணலாம். நம் கதையாசிரியர்கள் கண்டுமிருக்கிறார்கள். சாகும் தறுவாயில் இல்லாதவருக்கு அதே பேச்சு தொடங்குமானால் அது சடங்கன்று. மருத்துவர் அழைக்கப்படாமல் உறவினர் மட்டும் அழைக்கப்பட்டால், மாத்திரைகள் நிறுத்தப்பட்டிருந்தால், கஷ்டப்படுகிறாரே என்ற சொல் அவர் வலியைக் குறிக்காமல் வீட்டார் அலுப்பைக் குறித்தால், ‘தலைக்கு ஊத்திரலாமா’ என்ற சொல் விளையாட்டாகவேனும் அடிபட்டால், அப்போதே தலையிட வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மேற்கண்ட ஒவ்வொன்றுக்கும் குற்றமற்ற விளக்கமும் இருக்கக்கூடும். முதிய தோல் தொட்டாலே கன்றிப்போகும்; இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்கு இன்னும் எளிதாகக் கன்றும். மறதிநோய் கண்டவர் சாப்பிட்டதை மறந்து சாப்பாடு போடவில்லை என்பார். இரவெல்லாம் விழித்துப் பணிவிடை செய்த மருமகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதும் வதைதான். ஆகவே ஒரு குறியைக் கொண்டு முடிவு கட்டாமல், குறிகள் கூடுகின்றனவா என்று பார்ப்பதும், முதியவரோடு தனியே பத்து நிமிடம் பேசுவதும் வேண்டும். தனியே பேச விடமாட்டோம் என்று வீட்டார் பிடிவாதம் பிடித்தால், அதைவிட வலிய குறி வேறில்லை.

*

சட்டம் என்ன செய்கிறது? கொலை கொலைதான், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 103ஆம் பிரிவு. அவரே கேட்டுக்கொண்டார் என்பது விடுதலைக்கு வழியாகாது. உண்மையான சம்மதம் இருந்தாலும் அது குற்றத்தின் பெயரை மாற்றுமே தவிர, குற்றமில்லை என்றாக்காது. பட்டினி கிடந்தவர் தந்த சம்மதத்தைச் சம்மதம் என்று எவ்வாறு சொல்வது என்பது வேறு கேள்வி. 2018-இல் உச்ச நீதிமன்றம் கண்ணியமான மரணத்துக்கான உரிமையை ஏற்றதைச் சிலர் இதனோடு முடிச்சுப் போடுகிறார்கள். அத்தீர்ப்பு, மீள வழியற்றவருக்கு உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றியது. மருத்துவக் குழுக்களின் ஆய்வுக்கு உட்பட்டது. விடியற்காலை எண்ணெய்க் கிண்ணத்துக்கு அதில் இடமில்லை.

ஆனால் வழக்குப் பதிவாக வேண்டுமே. வீட்டில் இறந்த முதியவரின் சாவு, வீட்டார் சொல்லும் காரணத்தோடு பதிவேட்டில் ஏறுகிறது. எண்பத்தைந்து வயது என்றதும் கேட்பவர் தலையசைத்துவிடுகிறார். மாலைக்குள் தகனம் முடிந்துவிடும். ஆகவே பிணத்தை வைத்துக்கொண்டு நீதி தேடுவது இங்கே ஏறக்குறைய இயலாத செயல். உயிரோடு இருக்கும்போது தேடினால்தான் உண்டு.

அதற்கு 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தமிழகத்தில் இதற்கான விதிகள் 2009-இல் வந்தன. வருவாய்க் கோட்டாட்சியரே தீர்ப்பாயத் தலைவர். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத்தரலாம். முதியவரைக் கைவிடும் நோக்கோடு எங்கேனும் விட்டுச்செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். தண்டனை அற்பம்தான். இச்சட்டத்தின் பல் 23ஆம் பிரிவில் இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்நிபந்தனை இருந்ததை நிறுவியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியது. 2025 சனவரி 2-ஆம் நாள், மகனுக்குக் கொடைப்பத்திரம் எழுதிக்கொடுத்த தாய் ஒருவரின் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறிச் சொத்தைத் தாயிடம் திருப்பித் தரச் செய்தது. எழுதிக்கொடுக்க விரும்புவோர் பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது நல்லது. பத்திரம் எழுதுபவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இச்சட்டத்தில் பலரும் அறியாத ஒரு வழி உண்டு. முதியவரால் மனுக் கொடுக்க இயலாவிட்டால் அவர் ஒப்புதல் பெற்ற எவரும், ஓர் அமைப்பும்கூட அவருக்காக மனுக் கொடுக்கலாம். மனுவே இல்லாமல் தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். 2021 முதல் 14567 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணும் நாடெங்கும் இயங்கி வருகிறது; அதனை அழைப்பவர் முதியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த வீட்டார் அழைக்கலாம், கிராம செவிலியர் அழைக்கலாம், உதவித்தொகை கொண்டுவந்து தருபவர் அழைக்கலாம். 2010-இல் அந்த முதியவரால் நடக்க முடிந்தது, காது கேட்டது, போய்ச் சேர ஓர் உறவினர் வீடும் இருந்தது.